பன்னிரண்டு அங்குலத்துக்குள் ஒரு பனங்காடு

பாளையங்கோட்டையில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் சிறு கடை ஒன்றை 22 ஆண்டுகளாக நடத்திவருகிறேன். 7 ஆண்டுகளுக்கு முன்பு, வெளிநாட்டில் மகள் வீட்டில் 6 மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய வாடிக்கையாளர் ஒருவர், மகள் பாதியில் விட்டுவைத்த ஒரு சதுரத் துணியைக் கொண்டுவந்து, "இதுக்கு ஓரம் மட்டும் கட்டித் தாங்கம்மா" என்று கேட்டார். பக்கத்துக்கு 12 அங்குலம் இருக்கும். சரிந்த கூரையுள்ள ஒரு வீடு, அதன் பின்னால் ஒரு மரம், கொடியில் காயும் 3 துணிகள். எல்லாமே துணியில் வெட்டி வைத்துத் தைத்தவை. வானத்துக்குக் கட்டம் போட்ட பழைய சட்டைத் துணியை வைத்திருந்தார்கள். கட்டம் போட்ட வானத்தை நான் எங்கும் கண்டதில்லை, ஆனாலும் அது வானமாகத்தான் தெரிந்தது. அரை மணி நேர வேலைக்கு ஒரு வாரத் தவணை சொல்லி, ஒவ்வோர் இரவும் கடையை அடைத்த பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மேசைக்கடியில் இரண்டு சாக்கு நிறைய வெட்டுத்துணி கிடந்தது. தலையணைக்குள் அடைப்பதற்காக வாங்கிப்போகிறவருக்கு அதை எடைக்குப் போட்டுவந்தேன்.

அதன்பின் 40க்கு மேற்பட்ட சிறு படங்களைத் தைத்துவிட்டேன். அவற்றில் ஏறக்குறைய பத்தைப் பிறர் கண்ணில் படாமல் அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். தையல் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை எளிதில் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரவிக்கை தைத்த கைக்கு இதில் பாதிப் பழக்கம் உதவுகிறது, மறு பாதி குறுக்கே நிற்கிறது. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்வதற்கே எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

இந்த வேலையின் அமைப்பு மிகச் சாதாரணமானது. மேலே படம் உள்ள துணி, நடுவில் மெத்தென்ற ஓர் அடுக்கு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். நம் வீடுகளில் பழைய நூல் சேலைகளை அடுக்கி நூலோட்டிப் பச்சைப்பிள்ளைக்கு விரிக்கிறோமே, அதுவும் இந்த இனம்தான். மேல்துணியில் வேறு துணியை உருவமாக வெட்டிவைத்துத் தைப்பதை அப்ளிக் என்கிறார்கள். இதுவும் நமக்குப் புதிதன்று. திருநெல்வேலி டவுன் ரதவீதிகளில் ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லையப்பர் தேரில் தொங்கும் தொம்பைகள் என்ற துணிக் குழல்களையும் சீலைகளையும் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். ஆனால், அவை வெட்டுத்துணியை வைத்துத் தைத்தவை என்பது இந்தச் சதுரத் துணி கைக்கு வந்த பிறகே மனத்தில் உறைத்தது. அடுத்த ஆனியில் தேரைப் பார்க்கப்போனவள் சாமியைவிடச் சீலையையே அதிக நேரம் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை, கறுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் என்று ஒன்றையொன்று வெட்டிநிற்கும் நிறங்கள். உருவத்தைச் சுற்றி அழுத்தமான ஓரம். வீதியின் மறுகோடியில் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. நான் தைக்கப்போகும் படமோ கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், கூடத்துச் சுவரில் தொங்கப்போவது. ஆகவே தேர்ச்சீலையை அப்படியே சுருக்கினால் நடக்காது என்பது மட்டும் அன்று தெளிவாயிற்று.

முதல் படத்துக்குத் திசையன்விளைப் பக்கத்துத் தேரியை எடுத்துக்கொண்டேன். செம்மணல் மேடு, 3 பனை, வெள்ளை வானம். இதைவிட எளிய படம் இருக்க முடியாது என்பது என் கணக்கு. மணலுக்கு ஒரு சிவப்பு நூல்துணி கிடைத்தது. நடு அடுக்குக்குப் பழைய தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சைப் பரப்பினேன். நான்கு நாள் உழைத்து முடித்த பின், சாக்கட்டிக் கோடுகள் போகட்டும் என்று ஒருமுறை தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். மாலையில் பார்த்தால் பஞ்சு முழுவதும் கீழ்மூலையில் உருண்டு திரண்டிருந்தது. சிவப்புச் சாயம் வெள்ளை வானத்தில் பாதிவரை ஏறியிருந்தது. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, வானத்துலயும் தேரிமண்ணு அடிச்சிருக்கு?" என்று கேட்டார். அத்தை கிண்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே அப்படித்தான் தைத்திருக்கிறேன் என்று நினைத்துச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

அந்த ஒரே படத்தில் இரண்டு பாடங்கள் கிடைத்தன. இலவம்பஞ்சின் இழை வழவழப்பானது, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது. உறைக்குள் திணித்து அடைத்தால் தலையணையாக நிற்கும். மெல்லிய அடுக்காகப் பரப்பினால் நகர்ந்துவிடும். அடுத்து, பை தைப்பவர்கள் வைக்கும் ஸ்பாஞ்சை வைத்துப் பார்த்தேன்; அது தையல் விழுந்த இடத்தில் குழியாகி மற்ற இடத்தில் புடைத்துக்கொண்டு, படத்தை இருக்கையின் மெத்தைபோல் ஆக்கிவிட்டது. கடைசியில் பழைய நூல் போர்வை ஒன்றே சரிவந்தது. பலமுறை துவைத்து மெலிந்த போர்வையோ பிளானல் துணியோ நடுவில் இருந்தால், படம் தட்டையாக நிற்கும். தையல் கோடும் இலேசாகப் பதிந்து தெரியும். ஊசியும் சிரமமின்றி இறங்கும். சிறு படத்துக்குக் கனமான நடு அடுக்கே தேவையில்லை. யாரும் அதைப் போர்த்திக்கொள்ளப் போவதில்லை.

சாயத்தைப் பற்றிச் சொல்வதென்றால், எந்தத் துண்டையும் முதலில் நனைத்து, வெள்ளைத் துணி இரண்டுக்கு நடுவில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்கிறேன். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துண்டைத் தனியே மீண்டும் மீண்டும் அலசுகிறேன். தண்ணீர் தெளியும்வரை அது வேலை மேசைக்கு வருவதில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் செய்து பார்த்தவரை, போகிற சாயம் உப்பைக் கேட்டு நிற்கவில்லை. முன்கூட்டியே நனைப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு: சுருங்க வேண்டிய நூல்துணி அப்போதே சுருங்கிவிடுகிறது. லைனிங் துணியை நனைக்காமல் தைத்து, முதல் துவைப்பில் ரவிக்கை இறுகிப்போய் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, படத்தை வகுப்பது. இதில்தான் நான் அதிக நாள் திணறினேன். கைப்பேசியில் எடுத்த பனைமரப் படத்தைத் தாளில் ஒற்றியெடுத்து, ஒவ்வோர் ஓலையையும் விரல்விரலாக வெட்டித் தைக்க முயன்றேன். ஒரு மரத்தின் தலைக்கு மட்டும் 31 துண்டுகள். தைத்து முடித்தபோது அது பனையாக இல்லை. பிரிந்துபோன துடைப்பம்போல் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மை பீடி சுற்றுகிறவர். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, ஈர இலையின்மேல் தகரத் தகட்டை வைத்துக் கத்தரியால் சுற்றி வெட்டியபடியே என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏட்டி, நீ ஓலையை எண்ணிக்கிட்டே இருந்தா மரம் எப்பம் வரும்? தூரத்துல நின்னு பாத்தா ஓலையா தெரியுது? உருண்டையால்லா தெரியுது" என்றார். பிறகு தன் தகட்டை என்னிடம் நீட்டி, இலையின் தடித்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தகட்டை வைப்பார்கள் என்பதையும் காட்டினார்.

அன்று முதல் எந்த உருவத்துக்கும் முதலில் அட்டையில் ஒரே வெளிக்கோட்டை வெட்டுகிறேன். அந்த அட்டையை வெள்ளைத் தாளின்மேல் வைத்து 6 அடி தள்ளி நின்று பார்க்கும்போது, உள்ளே ஒரு கோடும் இல்லாமலே அது இன்னதென்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எத்தனை துண்டு சேர்த்தாலும் தெரியாது. பனைக்கு ஓர் அரை உருண்டைத் தலையும், அதன் கீழே தொங்கும் காவோலைக்கு ஒரு பழுப்புத் துண்டும், நேரான கறுத்த தண்டும் போதும். விளிம்பில் நான்கைந்து இடங்களில் மட்டும் கூராக வெட்டிவிட்டால் மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்ற பெண்மணி அப்ளிக் முறையில் தைத்த இரண்டு போர்வைகள் இன்றும் இருக்கின்றன. ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும் மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. விவிலியக் கதைகளைச் சொல்லும் அந்தப் போர்வைகளின் படங்களைப் பின்னாளில் பார்த்தபோது பெரியம்மையின் தகடுதான் நினைவுக்கு வந்தது. மனிதரும் மிருகமும் பறவையும் வெளிக்கோட்டாலேயே தங்களை யாரென்று சொல்லிவிடுகின்றன. பணமுடையால் 1891இல் அவற்றில் ஒன்றை அவர் 5 டாலருக்கு விற்க நேர்ந்தது என்பதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

வெளிக்கோட்டுக்கு அடுத்தது வெளிச்சமும் இருட்டும். ரவிக்கைக்காரிக்கு நிறம்தான் எல்லாம். சேலைக் கரையின் அரக்குக்கும் ரவிக்கையின் அரக்குக்கும் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்தப் பெருமை இங்கே கைகொடுக்கவில்லை. பிசான நெல் பருவத்தில் வயல் பச்சைகளை வைத்து ஒரு படம் தைத்தேன்: நாற்றங்காலுக்கு ஒரு பச்சை, நட்டுத் தேறிய வயலுக்கு ஒரு பச்சை, பொதி தள்ளும் வயலுக்கு ஒரு பச்சை. மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் மூன்றும் தனித்தனியே அழகாயிருந்தன. சுவரில் மாட்டியதும் ஒரே பச்சைப் பாயாகிவிட்டன. கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. மூன்றுமே ஒரே சாம்பல் நிறமாக வந்தன. பச்சைகள் வேறாக இருந்தாலும் அடர்த்தி ஒன்றாக இருந்தால் தூரத்தில் கண் அவற்றைப் பிரிப்பதில்லை. இப்போது துண்டுகளை அடுக்கியவுடன் முதலில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன்; பிறகு கறுப்பு வெள்ளையில் ஒரு படம்; வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று படிகளும் அதில் தெரிந்தால்தான் ஊசியைத் தொடுகிறேன். இந்த ஒரு சோதனையைச் செய்யத் தொடங்கிய பிறகு அலமாரியின் அடித்தட்டுக்குப் போகும் படங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

துணியின் பின்பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. அச்சடித்த துணியின் உட்பக்கம் மங்கலாக இருக்கும். மழை விட்ட மறுநாள் மேற்கே நீலம் பூசினாற்போல் எழும் பொதிகை மலைக்கு அந்த மங்கலைவிடப் பொருத்தமான துணி கடையில் கிடைக்காது. முன்மலைக்கு நல்லபக்கம், பின்மலைக்கு அதே துணியின் உள்பக்கம் என்று வைத்தால் தொலைவு தானாக வந்துவிடுகிறது. தேரிக்கும் அப்படித்தான்: மேட்டின் வெயில்படும் பக்கத்துக்கு வெளுத்துப்போன காவி வேட்டித் துண்டு, நிழல் பக்கத்துக்கு அதே வேட்டியில் மடிப்புக்குள் இருந்து வெளுக்காத பகுதி. பட்டும் ஜரிகையும் வெட்டுத்துணிச் சாக்கில் மிகுதியாகக் கிடைக்கும் என்பதால் தொடக்கத்தில் அள்ளி வைத்தேன். அது தவறு. ஜரிகை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண் போகும். 12 அங்குலத்தில் கண் போவதற்கு ஓரிடம் போதும். பெரிய பூப்போட்ட துணியும் அப்படியே. பூ ஒன்றே பாதி வானத்தை அடைத்துக்கொள்ளும்.

வெட்டுவதும் வைப்பதும் எப்போதும் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். வானம், மலை, வயல், மரம் என்ற வரிசையில் வைக்கும்போது, முன்னால் வரும் துண்டின் அடியில் பின்துண்டு கால் அங்குலம் மடிக்காமல் நுழைந்திருக்க வேண்டும். மறையப்போகும் விளிம்பை மடித்தால் அவ்விடத்தில் மேடு தட்டும். விளிம்பு பிசிறில்லாமல் இருக்க வேண்டும் என்ற ரவிக்கைப் பழக்கத்தால், கண்ணில் படாத விளிம்பைக்கூட மடித்துத் தைத்த என் முதல் படங்கள் சுவரிலிருந்து விலகிப் புடைத்து நிற்கின்றன.

தெரியும் விளிம்புக்கு மூன்று வழிகளைக் கையாள்கிறேன். முதலாவது, ஊசி நுனியாலேயே விளிம்பை உள்ளே தள்ளித் தள்ளி, மடிப்பைக் கைத்தையலால் பிடிக்கும் எம்மிங் போடுவது. மடிப்புக்கு 4 மில்லிமீட்டர் அளவு துணி விட்டால் போதும். ரவிக்கைக்கு விடுவதுபோல் தாராளமாக விட்டால் வளைவுகளில் துணி மடிந்து முட்டும். நூல் வைக்கும் துண்டின் நிறத்தில் இருக்க வேண்டும், அடித்துணியின் நிறத்தில் அன்று. உள்வளைவில் மடிப்புக்கோட்டுக்கு ஓரிரண்டு இழை முன்புவரை கத்தரியால் கீறிவிட வேண்டும். வெளிவளைவில் கீறத் தேவையில்லை. கூரான முனைக்கு, முதலில் முனையை நேராக உள்ளே மடித்து, பிறகு ஒரு பக்கம், கடைசியாக மறுபக்கம். ரவிக்கைக் கழுத்து வளைவைத் திருப்பிப் பழகியவர்களுக்கு இது விளையாட்டுப்போல் வரும். என் பழைய பழக்கங்களில் முழுமையாக உதவியது இது ஒன்றே.

இரண்டாவது கஞ்சி. சூரியன், சக்கரம், பாலத்தின் வளைவு போன்று வட்டம் பிசகக் கூடாத உருவங்களுக்கு இதை விட்டால் எனக்கு வேறு வழி தெரியாது. அட்டையை வேண்டிய அளவில் வெட்டி, துணியின் உள்பக்கத்தில் வைத்து, விளிம்பில் சிறு நூலோட்டம் ஓட்டிச் சுருக்கி இழுத்தால், துணி அட்டையைக் கவ்விக்கொள்ளும். வடித்த கஞ்சியை வடிகட்டி விளிம்பில் தூரிகையால் தடவி, இஸ்திரிப் பெட்டியின் மூக்கால் அழுத்தி, நன்றாகக் காய்ந்த பின் அட்டையை உருவிவிடலாம். விளிம்பு அச்சில் வார்த்ததுபோல் நிற்கும். முடிந்த பிறகு ஒரு முறை தண்ணீரில் அலசிக் கஞ்சியைப் போக்கிவிடுவது அவசியம். பூச்சி துணியைவிடக் கஞ்சியைத்தான் முதலில் தேடி வரும். மைதாப் பசையால் துண்டுகளை ஒட்டிவைத்து அலசாமல் விட்ட ஒரு படத்தை அப்படித்தான் இழந்தேன். பழைய எக்ஸ்ரே படத்தை அச்சாக வெட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னதைக் கேட்டு அதன்மேல் பெட்டியை வைத்தேன்; அது சுருண்டதில் துணியும் சேர்ந்து போயிற்று. கோடு போடுவதற்கு எக்ஸ்ரே படம், சூடு வைப்பதற்கு அட்டை.

மூன்றாவது, மடிக்காமல் வெட்டிய விளிம்பையே விட்டுவிடுவது. காலருக்கு வைக்கும் ஒட்டு கேன்வாஸைத் துணியின் உள்பக்கத்தில் ஒட்டிவிட்டு வெட்டினால் பிசிறு அவ்வளவாக வராது. விளிம்பிலிருந்து ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) உள்ளே மிஷின் தையல் ஓட்டிவிட்டால் போதும். புல், பனையோலை, பறவையின் இறகு ஆகியவற்றுக்கு இதுதான் தகும். பிசிறு தெரிய விடுவதற்கு என் கை சம்மதிக்கவே மாட்டேன் என்றது. பிசிறு தெரிந்தால் ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களே! ஆனால், மடித்துத் தைத்த ஓலை மழுங்கிப்போகிறது. பிசிறோடு விட்ட ஓலை காற்றில் ஆடுகிறது.

கூந்தன்குளத்துக்குப் போய்வந்து தைத்த நாரைப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்குநேரிப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் பறவைகள் குளத்தோடு நிற்காமல் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றை வீட்டுப் பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொள்கிறார்கள். வெளிர் நீலத் தண்ணீரில் மஞ்சள் மூக்கு நாரை ஒன்றை வைத்தேன். வெள்ளை உடல் வெளிர்நீலத்தில் கரைந்துபோய், மூக்கும் காலும் மட்டும் மிதந்தன. தண்ணீரை அடர்ந்த பச்சைநீலமாக மாற்றினேன். இப்போது அடித்துணியின் கருமை வெள்ளைத் துணியினூடே தெரிந்து, நாரை அழுக்கேறியதுபோல் ஆகிவிட்டது. வெள்ளை ரவிக்கைக்கு லைனிங் கொடுப்பவள்தானே நான் என்ற நினைவு அப்புறம்தான் வந்தது. வெள்ளைக்கு அடியில் அதே உருவத்தில், விளிம்புக்குச் சற்று உள்ளடங்கிய இன்னொரு வெள்ளைத் துண்டை வைத்ததும் நாரை வெளுத்துவிட்டது. வாலருகே தெரியும் இளஞ்சிவப்பு இறகுக்கு, பெரியம்மையின் பழைய நூல் சேலையிலிருந்து ஒரு விரலளவு துண்டு கேட்டு வாங்கினேன். படத்தில் அந்த நிறம் வேறெங்கும் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் அந்த விரலளவைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கு என்னிடம் இருப்பது காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மிஷின். எண்ணம்போல் வளைத்துத் தைக்க வேண்டுமானால், துணியைப் பின்னே தள்ளும் பற்கள் வேலை செய்யக் கூடாது. மிஷின் எம்ப்ராய்டரிக்காரர்கள் செய்வதுபோல் பற்களைத் தகட்டால் மூடி, துணியை மேலிருந்து அழுத்தும் மிஷின் காலைக் கழற்றிவிட்டு, துணியை வளையத்தில் இறுக்கிக் கையால் நகர்த்துகிறேன். கால் இல்லாவிட்டாலும் அதைத் தூக்கி இறக்கும் நெம்பை இறக்கிவிட்டே தைக்க வேண்டும். இறக்காவிட்டால் மேல்நூலுக்கு இறுக்கம் கிடைக்காமல், அடியில் நூல் சிக்கி வலைபோல் குவிந்துவிடும். முதல் வாரம் முழுவதும் மிஷின் கெட்டுவிட்டதென்று எண்ணி அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மிதிக்கும் வேகமும் கை நகரும் வேகமும் ஒத்துவரும்வரை தையல் ஒன்று நெடியதாக, ஒன்று குட்டையாக விழும். அதற்குப் பழைய துணியில் தினமும் கால்மணி நேரம் பெயரெழுதிப் பழகுவதைத் தவிர வேறு மருந்தில்லை. கையால் நூலோட்டுவதற்கு மிஷின் தேவையே இல்லை, நேரம்தான் கூடுதலாகும்.

தையல் எங்கே ஓட வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். முன்னால் எழும்பி நிற்க வேண்டிய உருவத்தின்மேல் குறைவாகவும், பின்னே அடங்க வேண்டிய வெளியில் நெருக்கமாகவும் தைக்க வேண்டும். தையல் நெருங்கிய இடம் அமுங்கும், விட்ட இடம் எழும்பும். தாமிரபரணிக்குக் கிடைக்கோடுகள், வயலுக்கு நாற்று வரிசை, தேரிக்குக் காற்று விட்டுச்சென்ற மணல் அலை. கோட்டின் நூல் துணியின் நிறத்தோடு ஒத்துப்போனால் மேடு பள்ளம் மட்டும் தெரியும். மாறுபட்டால் கோடே படமாகிவிடும். ஒரு படத்தில் எல்லாக் கோடும் மாறுபட்ட நூலில் ஓடினால் கண்ணுக்குக் களைப்பு. தைக்கத் தைக்கத் துணி உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். என் கையில் 12 அங்குலம் பெரும்பாலும் பதினொன்றரைக்கு வந்து நிற்கிறது. அதனால் அடித்துணியையும் நடு அடுக்கையும் ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாகவே வைத்துக்கொண்டு, எல்லாத் தையலும் முடிந்த பின்பு அளந்து வெட்டுகிறேன். முதலிலேயே அளவாக வெட்டிவிட்டு, பிறகு நான்கு மூலையும் நான்கு திசைக்குப் போவதைப் பார்த்து வருந்துவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஓரம் கட்டுவது பழகிய வேலை. நேரான ஓரத்துக்கு நேர்த்துண்டே போதும். ஓரம் வளைந்தால் மட்டும், துணியைச் சாய்வாக வெட்டிய கிராஸ் துண்டு. படம் விளிம்புவரை ஓடுவதுபோல் தோன்ற வேண்டுமானால் ஓரத்துண்டை முன்னால் தெரியாமல் முழுவதும் பின்னுக்குத் திருப்பிவிடலாம், கழுத்துப்பட்டியைத் திருப்புவதுபோலத்தான். பின்புறம் மேலே ஒரு குழல்துணி வைத்து மூங்கில் குச்சி செருகினால் படம் தொய்யாமல் தொங்கும். கீற்று வெயில் நேரே விழும் சுவரில் மாட்ட வேண்டாம். ஒரே கோடையில் சிவப்புகள் வெளுத்துவிடுகின்றன.

விற்பதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு படத்துக்கு எனக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. அந்த நேரத்தில் எத்தனை ரவிக்கை தைக்கலாம் என்று கணக்குப் போட்டு விலை சொன்னால், "வெட்டுத்துணிக்கா இவ்வளவு?" என்கிறார்கள். ஆகவே கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கிறேன். பேரம் பேசுகிறவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறேன். வயிற்றுப்பாட்டுக்கு ரவிக்கை இருக்கிறது.

படம் முடிந்ததும் பின்புறம் ஒரு வெள்ளைத் துண்டில் சாயம்போகாத மையால் மாதமும் ஆண்டும் எழுதி, எந்தத் துணி யாருடையது என்பதையும் குறித்துத் தைத்துவிடுகிறேன். தேரிப் படத்தின் பின்னால் மாமனாரின் காவி வேட்டி என்று இருக்கிறது. நாரைப் படத்தின் பின்னால் பெரியம்மையின் சேலை என்று எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "எழுதுனது சரி, எந்தக் கடைச் சேலைன்னும் எழுதுட்டி, அங்கன இப்பம் அந்த மாதிரி துணி வாரதில்ல" என்றார். கடையின் பெயர் அவருக்கே நினைவுக்கு வரவில்லை. அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவைத்திருக்கிறேன்.